ஓக் மரத்துச் சூடு

வெர்மான்ட் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஹார்லன் ஊரில் ஒருவரிடம் அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கேட்பது மரியாதைக் குறைவு. எந்தத் தேவாலயத்துக்குப் போகிறார் என்று கேட்பதும் அப்படித்தான். என்ன மரம் எரிக்கிறார் என்று மட்டும் தாராளமாகக் கேட்கலாம். பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: ஓக், மேப்பிள், பீச், ஏதாவது ஒரு வன்மரம். பைன் எரிப்பவர்களும் உண்டு. அவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

விறகு எரித்த காலத்தில் இதில் நியாயம் இருந்தது. ஒரு ஓக் கட்டை விடியும்வரை நின்று எரியும். அதே பருமனுள்ள பைன் கட்டை சாப்பிட்டு எழுவதற்குள் தீர்ந்துபோகும்; அதன் பிசின் புகைபோக்கியில் அப்பிக்கொண்டு ஒருநாள் கூரையையே கொளுத்தும். பிறகு பெல்லட் வந்தது. மரத்தூளை உலர்த்தி, இயந்திரத்தில் நெரித்து, சுண்டுவிரலைவிட மெல்லிய குட்டைக் குச்சிகளாக்கி, நாற்பது பவுண்டு மூட்டைகளில் விற்றார்கள். கணப்படுப்பின் தொட்டியில் கொட்டிவிட்டால் போதும்; உள்ளே ஒரு திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்கு ஊட்டும். விறகு பிளக்கிற வேலை போயிற்று, அடுக்குகிற வேலை போயிற்று. தூளாக்கி நெரித்த பிறகு எந்த மரமும் எடைக்கு எடை ஏறக்குறைய ஒரே சூடுதான் தரும் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதினார்கள். அவர்கள் நகரத்தில் இருந்து எழுதினார்கள்.

ஊரில் ஓக்கின் மானத்தைக் காப்பாற்றியவர் வெர்லன் பிங்காம். நாற்சந்தியில் இருக்கும் தீவனக் கடை அவருடையது. கோழித் தீவனம், வேலிக் கம்பி, உப்புக்கட்டி, இவற்றோடு பெல்லட். அடுப்புக்கு வாங்குவார்கள், குதிரை லாயத்தில் பரப்ப வாங்குவார்கள், இறைச்சியைப் புகைபோட வாங்குவார்கள், கார் நிறுத்தும் கொட்டகையில் சிந்திய எண்ணெயை உறிஞ்ச வாங்குவார்கள். எதற்கு வாங்கினாலும் வெர்லனிடம் வன்மரப் பெல்லட்தான் கிடைக்கும். புதிதாக யாராவது வந்தால் ஒரு பெல்லட்டை எடுத்துக் கல்லா மேசையின் தகரத்தில் போடுவார்.

"சத்தத்தக் கேளுங்க. பைன் இப்படிப் பேசாது."

தகரத்தில் எதைப் போட்டாலும் அப்படித்தான் சத்தம் வரும் என்று யாரும் சொன்னதில்லை. அவர் உயரமானவர், மெதுவாகப் பேசுவார், எழுபது வயதிலும் மூட்டையைத் தானே தூக்குவார். அப்படிப்பட்டவரோடு யாரும் வாதாடுவதில்லை.

ஊருக்குக் கீழே, பாலத்துக்கு அப்பால், வெர்லனோடு பள்ளியில் ஒன்றாகப் படித்த ராய்ஸ் டட்டில் பைன் பெல்லட் விற்றான். பச்சை மூட்டை, விலையும் சற்றுக் குறைவு. அவனிடம் வாங்குகிறவர்கள் வண்டியின் பின்பக்கத்தைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு வருவார்கள்.

வெர்லனின் மனைவி மார்ஜரி இறந்து நான்காவது குளிர்காலம் அது. அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு ஓக்கைவிட முக்கியமான ஒன்று இருந்தது. ஓடில் பெல்ரோஸ் தன்னை மணந்துகொண்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது. ஓடில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். விதவை. ஆறு பூனைகளோடு குன்றுச் சாலையில் தனியாக இருந்தாள். எல்லோரும் வசந்தத்திலேயே குளிர்காலம் முழுவதற்கும் பெல்லட் வாங்கி அடுக்கிவிட, ஓடில் மட்டும் வாரம் இரண்டு மூட்டை வாங்கினாள். சனிக்கிழமைதோறும் வெர்லன் அதைத் தன் வண்டியில் எடுத்துப்போய் அவள் வீட்டு முகப்பில் இறக்கிவைப்பார். பிறகு சமையலறையில் உட்கார்ந்து காபி குடிப்பார். வாராவாரம் வாங்குவது தன்னை வாராவாரம் வரவழைக்கத்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

ஜனவரியில் ஒரு வீட்டைச் சூடாக்க வாரத்துக்கு இரண்டு மூட்டை போதாது. அதைப்போல மூன்று மடங்கு வேண்டும். வேறு எந்த வாடிக்கைக்காரராக இருந்தாலும் வெர்லன் நிறுத்திவைத்துக் கேட்டிருப்பார். ஓடில் விஷயத்தில் அவர் கணக்கு வேறு பக்கம் போயிற்று. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்:

"ஓடில் பெல்ரோஸ் வீட்டப் பாருங்க. வாரம் ரெண்டே மூட்டை. வீடு ஆனா ரொட்டி அடுப்பு மாதிரி இருக்கு. அதுதான் ஓக்கு."

"எங்க வீட்டுக்கு ஆறு ஏழு ஆகுதே," என்பார் டெக்ஸ்டர் கோல்பி. வெர்லனின் மிக விசுவாசமான வாடிக்கைக்காரர் அவர்.

"ஒன் வீட்டு சன்னல்ல காத்து வருது டெக்ஸ்டர்."

டெக்ஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சன்னல் இடுக்கெல்லாம் அடைத்தார்.

மார்ச் மாத முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்க்கூட்டம். அதற்கு முந்திய சனிக்கிழமை மழை பெய்தது, விழுந்த இடத்திலேயே உறைகிற மழை. வெர்லன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு மூட்டைகளோடு குன்றுச் சாலை ஏறினார். அன்றைக்கு ஓடிலிடம் கேட்டுவிடுவது என்று தீர்மானம். முகப்பில் பார்த்தால் கூரை ஒழுகி, பலகை முழுவதும் நீர் தேங்கி நின்றது. பெல்லட்டுக்கு ஈரம் ஆகாது. நனைந்தால் ஊதி, கஞ்சியாகிவிடும். ஓடில் எப்போதும் "முகப்புல வெச்சிடுங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். அன்று அப்படி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. வீட்டைச் சுற்றிப் போய், வெளிப்பக்கமாக இருந்த நிலவறைக் கதவைத் திறந்து, மூட்டையோடு கீழே இறங்கினார்.

ஒரு சுவரோரம் இடுப்புயரத்துக்குப் பச்சை மூட்டைகள் அடுக்கியிருந்தன. ராய்ஸ் டட்டிலின் பைன். பக்கத்தில், மேலே அடுப்புக்கு எடுத்துப்போகும் தகர வாளி, பாதி நிரம்பி. எதிர்ச் சுவரோரம் அகலமான பிளாஸ்டிக் தட்டுகள் வரிசையாக இருந்தன. அவற்றில் இருந்தது அவருடைய ஓக். சிலது இன்னும் குச்சியாக, சிலது நனைந்து உதிர்ந்து பழுப்புத் தூளாக. ஒரு சாம்பல் நிறப் பூனை கடைசித் தட்டில் உட்கார்ந்து, தன் வேலை முடியும்வரை அவரை நிதானமாகப் பார்த்தது. பிறகு பெல்லட்டைக் கிளறி மூடிவிட்டுப் போயிற்று.

வெர்லன் உட்படிகள் வழியாகச் சமையலறைக்கு ஏறினார். ஓடில் காபியை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஓடில், கீழ ராய்ஸோட மூட்டை இருக்கு."

"இருக்கு."

"பைனு."

"ஆமா."

"அப்ப என்னோட ஓக்கு?"

"பூனைங்களுக்கு." அவள் குவளையை அவர் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்க. மொதல்ல பைனத்தான் போட்டுப் பாத்தேன். அந்த வாசம் அதுங்களுக்கு ஆகல. ஆறும் சேந்து என் சோபாவத் தேடிப் போயிடுச்சு. உங்க ஓக்குல வாசமே கெடையாது. நனைஞ்சா சுத்தமாத் தூளாயிடுது, அள்ளிக் கொட்ட ஒரு நிமிஷம். பூனைக்கு இதவிட நல்ல சரக்கு இந்த மாவட்டத்துல கெடைக்காது வெர்லன்."

தன் சரக்கைப் பற்றி ஓடில் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க அவர் இரண்டு வருடம் காத்திருந்தார். இப்போது கேட்டாயிற்று.

"ரெண்டு குளிர்காலமா நான் இந்த அடுப்பு முன்னாடி உக்காந்து கைய நீட்டி..."

"இது ஓக்குச் சூடு, எலும்பு வரைக்கும் எறங்குதுன்னு சொன்னீங்க. கண்ண மூடிக்கிட்டுச் சொன்னீங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலியே."

"சொல்ல எடம் விட்டீங்களா?"

அவர் அடுப்பைப் பார்த்தார். அது எப்போதும்போல நன்றாகச் சூடாக இருந்தது.

"இன்னிக்கு ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்," என்றார் கடைசியில்.

"தெரியும். மார்ஜரியோட கோட்டு, செருப்பெல்லாம் எடுத்துத் தேவாலயத்துக்குக் குடுத்திட்டீங்கன்னு புதன்கிழமையே சொன்னாங்க. அலமாரி காலியாகுதுன்னா எதுக்குன்னு ஊருக்குப் புரியாதா." ஓடில் எதிரே உட்கார்ந்தாள். "இன்னிக்குக் கேக்காதீங்க. என் வீட்டுக்காரர் கேத்தான உங்களுக்குத் தெரியும்ல?"

"ஏரியில..."

"ஏரியில ரெண்டு வண்டி விட்டவரு. மார்ச் கடைசி, ஊரே வேணாங்குது, பனி தாங்கும்னு ஓட்டிக்கிட்டுப் போனாரு. வண்டி முழுகிடுச்சு. மறு வருஷம் அதே எடம், அதே மாசம், இன்னொரு வண்டி. சாகற வரைக்கும் ஏரிதான் தப்புப் பண்ணுச்சுன்னு சொன்னாரு. நல்ல மனுஷன். ஆனா முப்பத்தொரு வருஷம் ஒரு தடவகூட தப்பாப் போகாத ஆளோட குடும்பம் நடத்திட்டேன். இன்னொருத்தர் வேணாம். நீங்க எத எரிச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல. செவ்வாக்கிழமை கூட்டத்துல நீங்க வழக்கமாப் பேசறதப் பேசுவீங்கல்ல? பேசி முடிங்க. அப்புறமாக் கேக்கறதக் கேளுங்க."

அவர் கிளம்பும்போது ஒரு பச்சை மூட்டையை அவளே அவர் வண்டியில் ஏற்றினாள். வெர்லன் அதன்மேல் தார்ப்பாய் போர்த்திக் கட்டினார். மழைக்காக என்று சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தன் அடுப்பைத் துடைத்து, ஓக்கையெல்லாம் வெளியே எடுத்து, பைனைக் கொட்டினார். நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து, அது தோற்பதற்காகக் காத்திருந்தார். கரும்புகை வரும் என்று எதிர்பார்த்தார்; வரவில்லை. திருகு அடைத்துக்கொள்ளும் என்று பார்த்தார், அடைக்கவில்லை. மதியத்துக்கு மேல் கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. சாயங்காலம் அதே நாற்காலியில் தூங்கிப்போனார். எழுந்து சாம்பல் தட்டை இழுத்துப் பார்த்தால், ஓக் விட்டுவைக்கும் சாம்பலில் பாதிகூட இல்லை. அதைக் கொட்டப் போகும்போது கொல்லையை ஒருமுறை இருபக்கமும் பார்த்துக்கொண்டார்.

ஊர்க்கூட்டம் பழைய மண்டபத்தில் நடக்கும். காலையில் சாலை, பாலம், பள்ளிக்கூடம். மதியம் அவித்த பீன்ஸ், பன்றித்தொடை, பழப் பணியாரங்கள். ஒவ்வொரு விஷயத்தையும் தலைவர் படிப்பார், பேசுகிறவர்கள் பேசுவார்கள், பிறகு எல்லோரும் "ஆமாம்" அல்லது "இல்லை" என்று சத்தமாகச் சொல்வார்கள். தலைவர் ஈனிட் ஹோல்கம். முன்பு நூலகர். ஒரு நூலகத்தை நடத்துவதுபோலவே கூட்டத்தையும் நடத்துவார்.

பதினோராவது விஷயம் மண்டபத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்குமான எரிபொருள். "வன்மரப் பெல்லட் மட்டுமே" என்பது வருடாவருடம் வெர்லன் முன்மொழிந்து, வருடாவருடம் நிறைவேறும் தீர்மானம். முன்மொழிபவரே கடைக்காரராக இருப்பதை யாரும் குறையாக நினைத்ததில்லை. அவர் கடை இல்லாவிட்டாலும் இதைத்தான் சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். போன வருடம் அதை வழிமொழிந்தவள் ஓடில். வெர்லன் அதையும் தன் கணக்கில் சேர்த்திருந்தார்.

ஓடில் மூன்றாவது வரிசையில் பின்னல் ஊசிகளோடு உட்கார்ந்திருந்தாள். ராய்ஸ் டட்டில் வழக்கம்போல் கதவோரம், தோற்றவுடன் கிளம்ப வசதியாக.

"பதினொண்ணு," என்றார் ஈனிட். "பிங்காம், வழக்கமான தீர்மானம்தானே?"

வெர்லன் எழுந்தார். எழுதிவைத்த காகிதம் எதுவும் கையில் இல்லை.

"இந்தத் தடவ இல்லீங்கம்மா. பைனும் சேத்து வாங்கலாம்னு முன்மொழியறேன்."

பின்னல் ஊசிகள் பல நின்றன. ஓடிலின் ஊசிகள் நிற்கவில்லை.

"நான் இத்தனை வருஷம் சொன்னது தப்பு. விறகுக்குச் சரி, பெல்லட்டுக்குத் தப்பு. பைன எரிச்சுப் பாத்தேன். சூடு அதேதான். சாம்பல் கம்மி. ராய்ஸ் விக்கிறது நல்ல சரக்கு. அவ்வளவுதான்."

டெக்ஸ்டர் கோல்பிதான் முதலில் பேசினார், மிகவும் கனிவாக.

"வெர்லன், ஒடம்பு எதாவது சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் டெக்ஸ்டர்."

"தனியா இருந்தா இப்படித்தான் ஆகும்," என்று யாரோ ஒரு பெண்மணி பக்கத்து நாற்காலியிடம் சொன்னது மண்டபம் முழுவதும் கேட்டது.

பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "ராய்ஸ் என்னப்பா குடுத்தான்?"

"நான் ஒரு மண்ணும் குடுக்கல," என்று ராய்ஸ் எழுந்தான். "இவன் என்ன பேசறான்னே எனக்குப் புரியல." ராய்ஸ் அப்படி மறுத்தது யாருக்கும் நம்பும்படியாக இல்லை.

"உக்காரு ராய்ஸ்," என்றார் டெக்ஸ்டர். "எனக்குப் புரிஞ்சு போச்சு. பாருங்க, இவர்தான் மனுஷன். போட்டிக் கடைக்காரன் கஷ்டப்படறான்னு ஊர் முன்னாடி அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்றாரு. எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்? ஆனா நமக்கு விவரம் தெரியும்ல. ஓடில் வீட்டு அடுப்பு ரெண்டு மூட்டையில எரியுது. அது பைன்ல நடக்குமா?"

மண்டபம் தலையாட்டியது. சிலர் கைதட்டினார்கள்.

"அந்த ரெண்டு மூட்டை..." என்று வெர்லன் தொடங்கினார்.

ஓடில் பின்னலை மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். "ஈனிட், நானே சொல்லிடறேன். அந்த ரெண்டு மூட்டையும் பூனைங்களுக்குப் போச்சு. அதுங்க அதுல மூத்திரம் போகுதுங்க. அடுப்புல எரியறது ராய்ஸோட பைனு."

இவ்வளவு பெரிய சிரிப்பை அந்த மண்டபம் பல வருடங்களாகக் கேட்டதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்திலிருந்தே ஓடில் இப்படித்தான், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஜோக் அடிப்பாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். டெக்ஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஈனிட் மேசையைத் தட்டினார்.

"பிங்காம் சொன்னத யாராவது வழிமொழியறீங்களா?"

ஒருவரும் இல்லை. ராய்ஸ்கூட வாயைத் திறக்கவில்லை. தனக்கு ஏதோ பொறி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தான். டெக்ஸ்டர் எழுந்து வழக்கமான தீர்மானத்தை முன்மொழிந்தார். ஓட்டுக்கு விட்டபோது "ஆமாம்" என்ற சத்தத்தில் சன்னல் அதிர்ந்தது. "இல்லை" என்று சொன்னவர்கள் இரண்டு பேர்: கதவோரம் ராய்ஸ், முன்வரிசையில் வெர்லன். "ஆமாம்" சொன்ன குரல்களில் மூன்றாவது வரிசையில் இருந்து வந்த ஒன்றை வெர்லன் தெளிவாக அடையாளம் கண்டார்.

சாப்பாட்டு வரிசையில் ராய்ஸ் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"ஒனக்கு நான் என்னடா கெடுதல் பண்ணேன்?"

"நல்லதாத்தான சொன்னேன் ராய்ஸ்."

"அதான் சொல்றேன். நீ திட்டிக்கிட்டு இருந்த வரைக்கும், வெர்லனுக்குப் பொறாமைன்னு நெனச்சு நாலு பேர் வந்து வாங்கினாங்க. இப்ப வெர்லனே பாத்துப் பரிதாபப்படற அளவுக்குச் சரக்கு கெட்டுப்போச்சுன்னு பேசறாங்க. அடுத்த வருஷம் தயவுசெஞ்சு திட்டிடு."

வெர்லன் தட்டை எடுத்துக்கொண்டு ஓடில் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனார். எதிரே உட்கார்ந்தார். பீன்ஸைத் தொடவில்லை.

"ஊர் முன்னாடி தப்புன்னு ஒத்துக்கிட்டேன்."

"கேட்டேன்."

"ஒருத்தரும் நம்பல."

"அது உங்க தப்பு இல்ல. இல்ல, உங்க தப்புதான். நீங்க அவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க." ஓடில் ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். "கேத்தான் ஒருநாள்கூட எழுந்து நிக்கல."

"சரி. ஆனா நீங்க எதுக்கு ஓக்குக்கு ஓட்டுப் போட்டீங்க? உங்களுக்கு உண்மை தெரியும்."

"மண்டபமும் தீயணைப்பு நிலையமும் உங்ககிட்ட வாங்கறத நிறுத்திட்டா, ஓக்கு வரவழைக்கறத நீங்க விட்டுருவீங்க. அப்புறம் ஆறு பூனைக்கும் நான் எங்க போறது?" வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள். "சனிக்கிழமை ஏதோ கேக்கணும்னீங்களே. கேளுங்க, பீன்ஸ் ஆறிட்டிருக்கு."

அவர் கேட்டார். அக்கம்பக்கத்து மேசைகள் அதற்காகவே சற்றுமுன் பேச்சை நிறுத்தியிருந்ததால், பதிலை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

ஓடில் மே மாதம் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குக் குடிவந்தாள். மார்ஜரியின் அலமாரி நிரம்பியது. நிலவறையில் ஒரு சுவரோரம் ஓக், எதிர்ச் சுவரோரம் பைன். வெர்லன் இப்போது கடையில் இரண்டையும் வைத்திருக்கிறார். பச்சை மூட்டைமேல் தூசி படிகிறது. விலையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓக்கையே ஏற்றச் சொல்கிறார்கள். பெல்லட்டைத் தகரத்தில் போடுவதை அவர் நிறுத்திவிட்டார். வாடிக்கைக்காரர்கள் தாங்களே எடுத்துப் போட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள்.

நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று டெக்ஸ்டர் கோல்பி அவர்கள் வீட்டுக்கு வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஒரு பூனையை நகர்த்தி, அடுப்பின் எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓக்குன்னா ஓக்குதான்," என்றார். "எலும்பு வரைக்கும் எறங்குது."

வெர்லன் ஓடிலைப் பார்த்தார். ஓடில் காபிக் குவளையை எடுத்துவரச் சமையலறைக்குப் போனாள்.

"டெக்ஸ்டர்," என்றார் வெர்லன், "அது பைன்."

டெக்ஸ்டர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "கல்யாணம் ஆனதுல இருந்து நீயும் அவள மாதிரியே ஜோக்கடிக்கக் கத்துக்கிட்ட."